பழைய காமிக்ஸில் செய்த ஒட்டுவேலையைச் சொல்லித்தான் விற்க வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 1960களில் வெளிவந்த காமிக்ஸ் இதழ் ஒன்று இருக்கிறது. அட்டைக் கிழிசலை ஒருவரிடம் கொடுத்து ஒட்ட வைத்தேன். முதுகுப் பகுதியில் வெளுத்திருந்த இடங்களுக்கு அவரே நிறமும் தீட்டி, மடிப்புகளை அழுத்தி நீக்கும் பிரஸ்ஸிங்கும் செய்து கொடுத்தார். இப்போது விற்கப் போகிறேன். “கேட்டால் சொல்லு, கேட்காவிட்டால் விட்டுவிடு” என்கிறான் நண்பன். அது சரியா?

பதில்: சரியில்லை. ஒட்டியதையும் நிறம் தீட்டியதையும் விலை போடும் இடத்திலேயே எழுதிவிடுங்கள். என்ன கேட்க வேண்டும் என்பதே புதிதாக வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்காது.

எல்லாம் விலைக்காகத்தான். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், கைபடாத இதழின் விலை வேறு, சீரமைத்த இதழின் விலை வேறு. காமிக்ஸ் இதழ்களைத் தரம் பிரித்துச் சான்று தரும் சிஜிசி (CGC) நிறுவனம் முதல் வகைக்கு நீல லேபிளும் இரண்டாவதற்கு ஊதா லேபிளும் தருகிறது. ஊதா என்றாலே விலகிப்போகும் சேகரிப்பாளர்கள் ஏராளம். பாதுகாப்புக்காக மட்டும் செய்த வேலைகளுக்குத் தனி லேபிள் உண்டு. ஆனால் அழகுக்காக நிறம் தீட்டியது அதில் சேராது.

மறைத்தாலும் தப்பாது. தீட்டிய மை அட்டையின் உள்பக்கம் கசிந்திருக்கும், புற ஊதா விளக்கில் தனியாகத் தெரியும். வாங்கியவர் தரம் பிரிக்க அனுப்பி, ஊதா லேபிளோடு திரும்பி வந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்டு உங்களிடம்தான் வருவார். அந்த மையைச் சுரண்டி எடுத்தால் நீலம் கிடைக்குமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். இப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். காகிதம்தான் பாழாகும், வேண்டாம்.

பிரஸ்ஸிங் விஷயத்தில்தான் கருத்து வேறுபாடு. வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் கொண்டு மடிப்பையும் சுருக்கத்தையும் நீக்குவது அது. இதழில் புதிதாக எதுவும் சேர்வதில்லை என்பதால் சிஜிசி அதைச் சீரமைப்பாகக் கருதுவதில்லை, பல விற்பனையாளர்களும் சொல்வதில்லை. ஒரு வரி எழுதிவிடலாம் என்பது என் கட்சி. அதனால் விலை பெரிதாகக் குறையப்போவதில்லை. கேட்ட பிறகும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய், அதில் விவாதமே கிடையாது.

அப்புறம், “சிறு வேலை செய்யப்பட்டுள்ளது” என்று மொட்டையாக எழுதாதீர்கள். கிழிசல் எந்த இடம், எவ்வளவு நீளம், எங்கெங்கே நிறம் என்று குறிப்பிடுங்கள். வேலை செய்தவரிடம் எதை வைத்து ஒட்டினார் என்றும் கேளுங்கள். கோதுமைப் பசையும் ஜப்பானிய மெல்லிய தாளும் என்றால் பின்னாளில் பிரித்துவிடலாம். சாதாரணக் கோந்தும் மார்க்கர் பேனாவும் என்றால் கஷ்டம், மதிப்பும் இன்னும் இறங்கும். அட்டையின் உள்பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள், பழுது பார்ப்பதற்கு முன் எடுத்த படம் இருந்தால் அதையும் சேருங்கள்.

விற்ற பிறகும் இந்த விவரம் இதழோடு போக வேண்டும், ஏனென்றால் வாங்கியவரும் ஒருநாள் விற்பார். ஒரு சீட்டில் எழுதி, உறைக்குள், இதழ் வளையாமல் இருக்கப் பின்னால் வைக்கும் அட்டைப் பலகையின் மறுபக்கம் வையுங்கள். இதழின் மேல் மட்டும் எதையும் ஒட்டிவிடாதீர்கள்.