ஹோல்டர் மாற்றியதும் இடது ஸ்கேட் உள்பக்கம் சாய்கிறது

ஐஸ் ஹாக்கி ஸ்கேட் ஒரு பக்கம் சாய்வதால் அரை சைஸ் சின்ன பூட் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்; வாங்காதீர்கள். வலது கால் சரியாக நிற்கிறது, ஹோல்டர் (பூட்டின் அடியில் பிளேட்டைப் பிடித்திருக்கும் பகுதி) மாற்றிய பிறகு இடது கால் மட்டும் உள்ளே சாய்கிறது என்கிறீர்கள். அப்படியானால் கோளாறு பெரும்பாலும் பூட்டில் இல்லை; பிளேட் நடுக்கோட்டைவிட்டு வெளிப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கலாம்.

பாவர் பிராண்ட் பூட்டில் சிசிஎம் பிராண்ட் ஹோல்டர் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் துளைகள் ஒரே இடத்தில் வராது. பழைய ஓட்டைகளை எபாக்ஸி பசை வைத்து அடைக்காமல், அவற்றுக்கு மிக அருகிலேயே புதிதாகத் துளைத்தால், டிரில் பிட் வழுக்கிப் பழைய ஓட்டைக்குள் இறங்கிவிடும். ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஐஸில் தெரியும்.

ஆனால் கடைக்குப் போகும் முன் இதைப் பாருங்கள்:

1. ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து, பிளேட்டின் இரண்டு விளிம்பின் மேலும் படும்படி ஒரு சிறிய ஸ்கேலைக் குறுக்கே வையுங்கள். ஸ்கேல் ஒரு பக்கம் சாய்ந்தால் தீட்டியதில்தான் தவறு. திரும்பத் தீட்டினால் போதும், செலவும் குறைவு.

2. ஸ்கேல் நேராக இருந்தால், குதிகால் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பிளேட் நெடுகப் பாருங்கள். வலது ஸ்கேட்டோடு ஒப்பிட்டால் விலகல் பளிச்சென்று தெரியும்.

அப்புறம், பூட்டின் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் ஃபுட்பெட்டை (மெத்தையை) எடுத்து, ஹோல்டரைப் பூட்டோடு பிணைக்கும் ரிவெட்டுகள் ஆடுகின்றனவா என்றும் விரலால் அழுத்திப் பாருங்கள்.

விலகல் உறுதியானாலும் நீங்களே மூன்றாவது முறை துளைக்க வேண்டாம். அடிப்பகுதியில் ஓட்டைகள் நெருங்க நெருங்க ரிவெட் பிடிக்காது. ஹாக்கி ஸ்கேட்டில் ஹோல்டர் மாற்றிப் பழகியவரிடம் கொடுத்து, ஓட்டைகளை அடைத்துத் திரும்ப ரிவெட் அடிக்கச் சொல்லுங்கள்.