குழாயில் ‘சி’ என்றால் சூடு

செப்டம்பரில் ஒரு செமஸ்டர் படிக்கப் பொலோனியா வருகிறேன், வகுப்பெல்லாம் ஆங்கிலம், நாலைந்து மாதத்துக்காக இத்தாலியன் படிக்கத்தான் வேண்டுமா, அரிசி கிடைக்குமா, குளிர் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. அரிசி கிடைக்கும். கம்பளிச் சட்டையை இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கேள்விக்குத்தான் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

வகுப்பறை வாசலைத் தாண்டினால் ஆங்கிலம் தீர்ந்துபோகும். நான் வந்தது பிப்ரவரியில். வாடகை அறையின் குழாயில் சி, எஃப் என்று இரண்டு எழுத்துகள். சி என்றால் ‘கோல்டு’ என்று நானே முடிவுகட்டி, எஃப்பைத் திறந்துவிட்டு வெந்நீருக்குக் காத்து நின்றேன். மூன்று நாள் பச்சைத் தண்ணீர்க் குளியல். நான்காம் நாள் பல் கிட்டித்துப்போய், ஹீட்டர் கெட்டுவிட்டதென்று வீட்டுக்கார அம்மாவிடம் சைகையில் முறையிட்டேன். அவர் வந்து சியைத் திருகினார். ஆவி பறந்தது. “கால்தோ” என்றார். கால்தோ என்றால் சூடு. எஃப் என்பது ஃப்ரெத்தோ, குளிர்.

அடுத்தது காகிதம். 90 நாளுக்கு மேல் தங்குவதானால், வந்த 8 வேலை நாளுக்குள் ‘பெர்மெஸ்ஸோ’ என்கிற தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். விண்ணப்ப உறை தபால் நிலையத்தில் கிடைக்கும். அதற்கு வேண்டிய 16 யூரோ வருவாய் முத்திரையைச் சிகரெட் கடையில் கேளுங்கள். ஆம், சிகரெட் கடையில்தான். இது தெரியாமல் நான் அரை நாள் அலைந்தேன். தபால் நிலையத்தில் தரும் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். அனுமதி அட்டை கைக்கு வருவதற்குள் உங்கள் செமஸ்டரே முடிந்துவிடலாம். அதுவரை அந்தச் சீட்டுதான் உங்கள் ஜாதகம்.

“மொழி தெரியாமலே காலம் தள்ளலாம்” என்று நம்மவர்கள் சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். வந்து இருபது வருடமாகியும் டாக்டரிடம் பேசப் பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்கள் இவர்கள். மேடை ஏறினால் மட்டும், நம் ஏகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் நெடில் வடிவம் தந்த வீரமாமுனிவர் இத்தாலியர் என்று முழங்குவார்கள். அவர் கற்ற தமிழில் நூற்றில் ஒரு பங்காவது இத்தாலியன் கற்றீர்களா என்று கேட்டால் கோபம் வருகிறது. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

இத்தனைக்கும் தமிழ்க் காதுக்கு இது எளிய மொழி. புளிக்கும் புள்ளிக்கும் வேறுபாடு தெரிந்தவர்களுக்கு நோனோ, நொன்னோ குழப்பாது. முன்னது ஒன்பதாவது, பின்னது தாத்தா. ஊர்ப் பெயரையே இங்கே பொலோஞ்ஞா என்பார்கள். என்னோடு படித்த ஆங்கிலேயப் பிள்ளைகள் அந்த ஞகரத்தில் தடுக்கி விழ, நான் ஒரே மூச்சில் சொன்னேன். நீ, நீங்கள் என்ற மரியாதையும் உண்டு: தூ, லெய். ‘அவள்’ என்பதற்கும் லெய்தான். மீசை வைத்த பேராசிரியரையும் அப்படித்தான் விளிக்க வேண்டும். அவரைப் பார்த்து ‘சாவ்’ என்று கையசைத்துவிடாதீர்கள், அது சிநேகிதர்களுக்கு. பரீட்சை பெரும்பாலும் வாய்மொழி, அவர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். 30க்கு 18 வந்தால் தேர்ச்சி.

எனக்கு மொழி வந்ததென்னவோ அந்த வீட்டுக்கார அம்மாவின் சமையலறையில்தான். மே மாத மாலைகளில் அவர் பட்டாணி உரிப்பார். எதிரே உட்கார்ந்து நானும் உரிப்பேன். தப்பாக ஒரு வினைச்சொல் வந்தால் கை நின்றுவிடும். திருத்திச் சொன்ன பிறகுதான் அடுத்த காய். ஒருநாள், “இனி என்னைத் தூ என்றே கூப்பிடு” என்றார். இங்கே அது பெரிய உரிமை. ஆனால் அவருக்கு என் பாட்டி வயது. சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே லெய் என்றேன். கையிலிருந்த பட்டாணித் தோலை என் மேல் வீசினார்.