சர்வீஸுக்குப் போன கார் கீறலோடு திரும்பினால்...

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒன்றேகால் ஆண்டுக்கு முன் வாங்கிய கருநீல மெட்டாலிக் வண்ணக் காரை, கிண்டிப் பக்கம் உள்ள டீலரின் ஒர்க்‌ஷாப்பில் மூன்றாவது சர்வீஸுக்கு விட்டிருந்தேன். இருட்டிய பிறகு, ட்யூப்லைட் வெளிச்சத்தில் காரைப் பெற்றுக்கொண்டு, கேட் பாஸில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை வெயிலில் பார்த்தால், இடது பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். பானெட் முழுவதும் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள். உடனே போன் செய்தேன். "ஏற்கெனவே இருந்திருக்கும் சார். இருந்தாலும் எங்கள் செலவிலேயே கதவை முழுசாகப் பெயின்ட் அடித்துத் தந்துவிடுகிறோம்" என்கிறார் சர்வீஸ் அட்வைசர். ஒப்புக்கொள்ளலாமா? கையெழுத்துப் போட்டுவிட்டதால் இனி எதுவும் கேட்க முடியாதா? – மடிப்பாக்கம் வாசகர்

பதில்: கதவை முழுசாகப் பெயின்ட் அடிக்க இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக, தொழிற்சாலையில் பூசிய பெயின்ட்டை இழந்துவிடக் கூடாது. முதலில் கீறல் எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டும். பழுதுக்கு எவ்வளவு சிறிய வேலை போதுமோ அதை மட்டும் கேட்டு வாங்க வேண்டும். அதே சமயம், கீறல் அவர்களிடம் இருந்தபோதுதான் விழுந்தது என்பதை எழுத்தில் பெற வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எழுத்தில் எதையும் வாங்காமல், பெரிய வேலைக்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

காரின் தகட்டின் மேல் இருப்பது ஒரே பூச்சு அல்ல. துருவைத் தடுக்கும் மின்பூச்சு அடியில் இருக்கிறது. அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறத்தைத் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான். ஏறத்தாழ இரண்டு தலைமுடிகளை அடுக்கி வைத்த அளவு. அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். கீறல் இந்தக் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டதா, அதைத் தாண்டி நிறத்துக்குள் இறங்கிவிட்டதா என்பதுதான் உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

இதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். அந்த இடத்தை ஷாம்பூ தண்ணீரால் மெதுவாகக் கழுவி, ஈரத்தோடு பாருங்கள். தண்ணீர் நிற்கும்போது கீறல் மறைந்து, காய்ந்ததும் மறுபடி தெரிந்தால், அது கிளியர் கோட்டில்தான் இருக்கிறது. அடுத்து, விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே அழுத்தாமல் ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷிலேயே சரியாகிவிட வாய்ப்பு அதிகம். நகம் மாட்டினால் கீறல் ஆழமானது; கீறலுக்குள் சாம்பல் அல்லது வெள்ளை நிறம் தெரிந்தால், பிரைமர் வரை போய்விட்டது என்று பொருள். உலோகமே பளபளத்தால் நாள் கடத்தக் கூடாது. சென்னையின் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் அந்த இடத்தில் துரு பிடிக்க அதிக நாள் ஆகாது.

பானெட்டில் நீங்கள் பார்த்த வட்டக் கோடுகளுக்கு இவ்வளவு சோதனை தேவையில்லை. அவை பெரும்பாலும் வாட்டர் வாஷ் செய்யும் இடத்தில் விழுபவை. மண் ஒட்டிய ஸ்பாஞ்சாலோ, ஒரே துணியாலோ காருக்குப் பின் காராகத் துடைத்துக்கொண்டே போனால், அதில் சிக்கிய மணல் துகள் கிளியர் கோட்டை வருடிவிடும். உங்களுடையதைப் போன்ற அடர் நிறங்களில் இது பளிச்சென்று தெரியும். மெஷின் பாலிஷில் இது போய்விடும். ஆனால் ஒவ்வொரு முறை பாலிஷ் செய்யும்போதும் கிளியர் கோட் சில மைக்ரான் தேய்ந்துதான் பளபளப்பு வருகிறது என்பதால், ஆண்டுதோறும் செய்துகொள்ளக் கூடிய வேலை அல்ல அது. கரடான ரப்பிங் காம்பவுண்டைக் கொண்டு கையால் அழுத்தித் தேய்ப்பதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில பாலிஷ்களில் கீறலை நிரப்பி மறைக்கும் எண்ணெய்ப் பசையும் மெழுகும் கலந்திருக்கும். டெலிவரி எடுக்கும்போது கதவு புதிதுபோல் மின்னும். இரண்டு மூன்று முறை கழுவியதும் கீறல் பழையபடி எட்டிப் பார்க்கும். எனவே வேலை முடிந்தது என்று அவர்கள் சொன்னதும், அந்த இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் மென்மையான மைக்ரோஃபைபர் துணி கொண்டு துடைக்கச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் சாய்வாக நின்று பாருங்கள். பெயின்ட் வேலை தெரிந்த எந்த ஒர்க்‌ஷாப்பும் இதற்கு மறுப்புச் சொல்லாது.

முழுக் கதவுக்கும் பெயின்ட் அடிப்பதை நான் ஏன் கடைசி வழியாகச் சொல்கிறேன் என்றும் கேட்பீர்கள். தொழிற்சாலையில் ரப்பர், பிளாஸ்டிக், ஒயரிங் எதுவும் ஏறாத வெறும் கூட்டுக்குப் பெயின்ட் அடித்து, மேல்பூச்சை 140 டிகிரி செல்சியஸ் அளவில் சுடுகிறார்கள். முழுதாய்ப் பூட்டிய காரில் அந்த வெப்பம் சாத்தியமில்லை. தகடு, பெயின்ட் வேலை செய்யும் பாடி ஷாப்பின் பெயின்ட் அறையில் 60 டிகிரியை ஒட்டித்தான் சூடேற்றுகிறார்கள். நல்ல கைகளில் செய்தால் அந்த வேலையும் நன்றாகவே இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மெட்டாலிக் நிறத்தில் உள்ள அலுமினியத் துகள்கள் ஸ்பிரே செய்யும் கோணத்தையும் அழுத்தத்தையும் பொறுத்து வெவ்வேறு விதமாகப் படிவதால், பெயின்ட்டின் நிறக் குறியீடு சரியாக இருந்தும் நிறம் ஒரு மாற்றுக் குறைந்து தெரியும். அதைச் சரிக்கட்டப் பக்கத்துக் கதவு வரை நிறத்தைப் படிப்படியாகக் கலக்கும் பிளெண்டிங் செய்ய வேண்டியிருக்கும். ஒரு சாண் கீறலுக்காக இரண்டு பேனல்களின் அசல் பூச்சைத் தொடுவதா என்று யோசித்துப் பாருங்கள். மேலும், பழைய கார் வாங்குவோர் இப்போது பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியோடுதான் வருகிறார்கள். மற்றக் கதவுகளில் 110 மைக்ரானும் இந்தக் கதவில் 250 மைக்ரானும் காட்டினால், விபத்தில் அடிபட்ட கார் என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். கீறல் நிறத்தைத் தாண்டி இறங்கியிருந்தால் மட்டும் பெயின்ட்டுக்கு ஒப்புக்கொள்ளுங்கள். அப்போதும் எந்தப் பேனல், என்ன காரணம் என்று குறிப்பிட்ட தாளைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இனி உங்கள் உரிமை பற்றி. கேட் பாஸில் இட்ட கையெழுத்து காரைப் பெற்றுக்கொண்டதற்கான அடையாளம். அதனாலேயே உங்கள் வழக்கு செத்துவிடாது. ஆனாலும் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி அதில் இருந்தால், அவர்கள் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள் என்பதால், இனி தாமதம் கூடாது. காரை விட்ட அன்று போட்ட ஜாப் கார்டை எடுங்கள். அதில் காரின் படம் அச்சிட்டு, ஏற்கெனவே உள்ள கீறல்களையும் நெளிவுகளையும் குறிக்க இடம் இருக்கும். அங்கே இடது பின்கதவு சுத்தமாக இருந்தால், உங்களிடம் இருப்பதிலேயே வலுவான சான்று அதுதான். சில ஒர்க்‌ஷாப்புகளில் கார் உள்ளே நுழையும்போதே டேப்லெட்டில் படம் எடுக்கிறார்கள். அந்தப் படங்களைக் கேளுங்கள். சிசிடிவி பதிவு சில வாரங்களில் தானாக அழிந்து, அதன் மேல் புதியது பதிவாகிவிடும் என்பதால், குறிப்பிட்ட தேதியின் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி உங்கள் முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள்.

அந்த மின்னஞ்சல் சர்வீஸ் அட்வைசருக்கு மட்டும் போகக் கூடாது. சர்வீஸ் மேனேஜருக்கு எழுதி, கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும் நகல் அனுப்புங்கள். ஜாப் கார்டு எண், கார் விட்ட நேரம், எடுத்த நேரம், கீறலைக் கண்ட நேரம், பகலில் எடுத்த படங்கள் ஆகியவற்றோடு, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் ஒரே வரியில் சொல்லுங்கள்: கீறலின் ஆழத்தைப் பாடி ஷாப் மேனேஜர் என் முன்னிலையில் பார்த்து, பாலிஷில் போகுமானால் பாலிஷும், போகாதென்றால் பெயின்ட்டும், எந்தச் செலவுமின்றிச் செய்துதர வேண்டும். கோபத்தைக் காட்டும் வரிகள் எதுவும் வேண்டாம். அதோடு இன்னொரு வரியையும் சேர்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: இதற்கான செலவை நிறுவனம் ஏற்க வேண்டும், கார் கழுவிய தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. நல்ல துணியும் போதிய நேரமும் கொடுக்காமல் வேலை வாங்குவது நிர்வாகத்தின் குறை. அதற்கு அந்தப் பையன் பலியாகக் கூடாது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒப்படைத்த பொருளைப் பெற்றுக்கொண்டவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாக வைத்துக்கொள்வாரோ அவ்வளவு கவனம் எடுக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 151-ஆம் பிரிவில் சொல்கிறது. ஜாப் கார்டின் பின்புறம் பொடி எழுத்தில் "உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். டெல்லியில் நட்சத்திர ஓட்டல் ஒன்றின் வாலே பார்க்கிங்கில் ஒப்படைத்த கார் 1998-இல் திருட்டுப்போன வழக்கில், இப்படி ஒரு வாசகத்தை அச்சிட்டுவிட்டுத் தன் அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து ஓட்டல் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. சர்வீஸுக்கு நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை. ஆனால் பாலிஷில் போய்விடும் கீறலுக்கு ஆணையம் வரை போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சரியாக எழுதிய ஒரு மின்னஞ்சலிலேயே இத்தகைய விவகாரங்களில் பெரும்பாலானவை முடிந்துவிடும்.

கேள்வி: பிரேக் பேடு மாற்றி, பிரேக் ஆயிலும் மாற்றிய சில நாட்களில், வலது முன் ஃபெண்டரின் மேல்விளிம்பில் பெயின்ட் சுருங்கி, தோல் உரிவதுபோல் எழும்பியிருக்கிறது. வெயிலில் நிறுத்தியதால் வந்தது என்கிறார்கள். உண்மையா? – அம்பத்தூர் வாசகி

பதில்: இல்லை. வெயிலில் பெயின்ட் மங்கும். அதற்கும் பல ஆண்டுகள் ஆகும். ஒரே இடத்தில், அதுவும் சில நாட்களில் சுருங்கி எழும்பினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பிரேக் ஆயிலைத்தான். நம் கார்களில் பயன்படும் டாட் 3, டாட் 4 வகைத் திரவங்கள் கிளைக்கால் சேர்மங்களால் ஆனவை. பெயின்ட்டை இளக்கி அடியிலிருந்து கிளப்பிவிடும் தன்மை அவற்றுக்கு உண்டு. நம் நாட்டில் ஸ்டியரிங் வலது பக்கம் இருப்பதால், பிரேக் ஆயில் டப்பாவும் பெரும்பாலான கார்களில் பானெட்டுக்கு அடியில் வலது பக்கத்திலேயே இருக்கிறது. புதிய பேடு போடும்போது, பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். அப்போது திரவம் பின்னோக்கி ஏறும். டப்பா நிரம்பியிருந்தால் வழிந்துவிடும். ஊற்றும்போதோ மூடியைக் கழற்றி வைக்கும்போதோ ஃபெண்டரில் சொட்டினாலும் இதே கதைதான். அதற்காகத்தான் ஃபெண்டர் மேல் கவர் விரித்து வேலை செய்ய வேண்டும் என்ற விதி இருக்கிறது. சொட்டிய உடனே நிறையத் தண்ணீர் ஊற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, ஏனெனில் அது தண்ணீரில் கரையும். காய்ந்த துணியால் துடைத்தால் இன்னும் பரவும்.

முந்தைய வாசகருக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. இளகிப்போன பெயின்ட்டுக்குப் பாலிஷ் பயன்படாது. சேதமான பூச்சைச் சுரண்டி எடுத்து, பிரைமரிலிருந்து மறுபடி அடித்தாக வேண்டும். மேலாக டச்சப் வைத்து அனுப்பினால், விளிம்பில் மீண்டும் கிளம்பும். பில்லில் பிரேக் ஆயில் மாற்றிய வரியைச் சுட்டிக்காட்டி, பேனல் முழுவதையும் அவர்கள் செலவில் கேளுங்கள். பானெட்டைத் திறந்து டப்பாவைச் சுற்றியும் ஃபெண்டரின் உள்விளிம்பிலும் வழிந்த தடம் இருந்தால், கழுவுவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: டிரையல் பார்க்கும்போது ஒர்க்‌ஷாப் ஊழியர் பம்பரைத் தூணில் உரசிவிட்டார். "உங்கள் இன்ஷூரன்ஸில் கிளெய்ம் போட்டுவிடலாம் மேடம், உங்களுக்குச் செலவு வராது" என்கிறார்கள். சரியா? – திருவான்மியூர் வாசகி

பதில்: சரியில்லை. உங்களுக்குச் செலவு நிச்சயம் வரும். கொஞ்சம் தள்ளி வரும், அவ்வளவுதான். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்காக உங்கள் காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும் தள்ளுபடியான போனஸ், ஒரே ஒரு கிளெய்மில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். பாலிசியோடு போனஸைப் பாதுகாக்கும் கூடுதல் காப்பும் எடுத்திருந்தால் மட்டுமே விதிவிலக்கு. அது போக, 1500 சிசி வரையிலான காருக்கு 1000 ரூபாயும், அதற்கு மேல் 2000 ரூபாயும் கட்டாயப் பிடித்தமாக உங்கள் கையிலிருந்தே போகும். இன்னொன்றும் இருக்கிறது. கிளெய்ம் படிவத்தில் சேதம் எப்படி நேர்ந்தது என்று எழுத வேண்டும். வீட்டு வாசலில் யாரோ உரசிவிட்டதாக எழுதித் தரச் சொன்னால், கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். பொய் சொல்லிப் பெறும் கிளெய்ம் உங்கள் தலையில்தான் விடியும். ஊழியர் ஓட்டியபோது நேர்ந்ததை அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொண்டு, ஒர்க்‌ஷாப்பின் செலவிலேயே சரிசெய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: சர்வீஸுக்கு விடும்போது "வாட்டர் வாஷ் வேண்டாம்" என்று சொல்லலாமா? – வில்லிவாக்கம் வாசகர்

பதில்: தாராளமாகச் சொல்லலாம்; நான் அதைத்தான் விரும்புவேன். ஆனால் வாயால் சொன்னால் போதாது. அட்வைசரிடம் சொன்னது வாஷிங் பகுதிக்குப் போய்ச் சேராது. ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டியரிங்கின் மேலும் ஒட்டிவிடுங்கள். காரை ஓட்டிக்கொண்டு போய் வாஷிங்கில் நிறுத்துபவர் கண்ணில் அதுதான் படும்.