பத்து நிமிடப் பேச்சும் மாதாந்திரப் பரிசும்

கேள்வி: என் டீமில் எட்டுப் பேர். திங்கள்கிழமை தோறும் பத்து நிமிடம் உற்சாகமூட்டிப் பேசுகிறேன், மாதம் ஒருவருக்குப் பரிசும் கொடுக்கிறேன். ஆனாலும் யாருக்கும் வேலையில் பிடிப்பே இல்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: முதலில் அந்தப் பேச்சை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் நன்றாகத்தான் பேசுவீர்கள். ஆனால் அதே நேரத்தில் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, "போன வாரம் உங்கள் வேலை எங்கே மாட்டிக்கொண்டு நின்றது?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வருகிற பதில்கள் அற்பமாகத் தெரியும். ஒரு அப்ரூவல் நான்கு நாளாக உங்கள் மெயிலிலேயே தூங்குகிறது, ராத்திரி கண்விழித்து முடித்த ரிப்போர்ட்டை யாராவது படித்தார்களா என்றே தெரியவில்லை, ஒரே தகவலை மூன்று ஃபார்மில் நிரப்பவேண்டியிருக்கிறது, இப்படி. இதையெல்லாம் சரிசெய்யாமல் மேடைப்பேச்சு பேசினால், கேட்கிறவருக்கு எரிச்சல்தான் வரும்.

சரி, சரிசெய்துவிட்டால் உற்சாகம் தானாக வந்துவிடுமா? வராது. அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் சுமார் 200 இன்ஜினீயர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசி 1959இல் சொன்னது இதைத்தான்: சம்பளம், விதிமுறை, மேலதிகாரி எல்லாம் மோசமாக இருந்தால் ஆள் வெறுத்துப்போவார், நன்றாக இருந்தால் வெறுப்பு போகுமே தவிர ஈடுபாடு வராது. அதற்குச் சொந்தமாக ஒரு பொறுப்பு வேண்டும், செய்ததை யாராவது கவனிக்கவும் வேண்டும். (சம்பள உயர்வைத் தள்ளிப்போட இவர் பெயரை இழுக்கிறவர்கள் உண்டு. அந்த வேலையைச் செய்யாதீர்கள்.) எட்டுப் பேரில் ஒருவரிடமாவது ஒரு வேலையை முழுசாகக் கொடுத்துவிட்டு, நடுவில் எட்டிப் பார்க்காமல் இருந்திருக்கிறீர்களா?

கேள்வி: அப்படியென்றால் பரிசே கூடாதா?

பதில்: கொடுங்கள், முன்கூட்டியே தண்டோரா போடாதீர்கள். 1973இல் வெளியான ஒரு ஆய்வில், படம் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகளில் சிலரிடம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று சொல்லிவைத்தார்கள். சிலருக்குச் சொல்லாமலே கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், சொல்லிவைத்துக் கொடுத்த குழந்தைகளுக்குத்தான் வரைகிற ஆசை குறைந்திருந்தது. பெரியவர்கள் குழந்தைகள் இல்லைதான். ஆனாலும் ஒருவருக்குப் பரிசு என்றால் மீதி ஏழு பேருக்கு இல்லை என்றுதானே அர்த்தம்? பரிசைவிட, "அந்த வாடிக்கையாளர் கத்தியபோது நீங்கள் பொறுமையாகப் பேசியதைப் பார்த்தேன்" என்று அன்றைக்கே சொல்வது ஆளைத் தொடும். "சூப்பர் டீம், கலக்கிட்டீங்க" என்பது யாருக்கும் போய்ச் சேராது.

கேள்வி: தலைவர் என்றால் இவரைப் போல இருக்கவேண்டும் என்று யாரைச் சொல்வீர்கள்?

பதில்: முழுசாக யாரையும் சொல்லமாட்டேன். ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். துருவப் பயணக் குழுத் தலைவர் எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பல் அண்டார்க்டிகா பக்கம் பனியில் சிக்கி நொறுங்க, 1915 அக்டோபரில் 28 பேரும் பனிக்கட்டி மேலேயே கூடாரம் போட்டார்கள். கதகதப்பான தோல் படுக்கைப்பைகள் 18தான் இருந்தன, மற்றவை கம்பளி. சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். கம்பளிப்பை ஷாக்கிள்டனுக்கும் அவருடைய அதிகாரிகளுக்குமாகப் பார்த்து விழுந்தது. சீட்டில் ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்று ஒரு மாலுமியே பிறகு சொன்னார்! இதற்கு மேல் அந்த மனிதர் உற்சாக உரை வேறு ஆற்றவேண்டுமா என்ன? 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

ஆனால் அதே ஷாக்கிள்டன், பனியில் தன்னை எதிர்த்துப் பேசிய கப்பல் தச்சரை மன்னிக்கவில்லை. பிறகு ஷாக்கிள்டன் உதவி தேடிக் கடலைக் கடந்தது ஒரு சின்னப் படகில். அதைத் தாக்குப்பிடிக்கும்படி பலப்படுத்திக் கொடுத்தவரே அந்தத் தச்சர்தான். அப்படியும் ஷாக்கிள்டன் அவர் பெயரைப் பதக்கத்துக்குச் சிபாரிசு செய்யாமல் விட்டுவிட்டார். உங்கள் எட்டுப் பேரிலும் எதிர்த்துப் பேசுகிற ஒருவர் இருப்பாரே, அவரிடம் கடைசியாக எப்போது நன்றாகப் பேசினீர்கள்?