நாளுக்கு இரண்டு மணி நேரம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 12 வயது. ஜெர்மானிய எழுத்தாளர் மிகாயேல் எண்டேயின் 'மோமோ'வை ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 730 மணி நேரம். இந்த மாயக்கதைகள் அவளை உலகத்திலிருந்து ஒதுங்கவைத்துவிடாதா? அவருடைய நூல்களை எந்த வரிசையில் கொடுக்கலாம்? 'முடிவற்ற கதை'யைத் திரைப்படமாகக் காட்டினால் போதுமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

திரைப்படத்தை விட்டுத்தள்ளுங்கள். 1984இல் அது வந்தபோது, தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி நீதிமன்றம்வரை போய்த் தோற்றவர் எண்டே.

கொஞ்ச நாளாக அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உலகத்தை விட்டு ஓடுகிறார் என்ற பழி அவருக்குப் புதிதல்ல. அவருடைய முதல் நூலான 'ஜிம் க்னோப்'பைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1960இல் வெளிவந்து, மறு ஆண்டே ஜெர்மனியின் இளையோர் இலக்கியப் பரிசை வாங்கியது. அப்போதும் விமர்சகர்கள் விடவில்லை. நடைமுறையை எழுது, சமூகத்தை எழுது என்று நச்சரித்தார்கள். யாரிடம்? ஓவியரான தந்தை எட்கர் எண்டேயை நாஜிகள் தடைசெய்ததைச் சிறுவயதிலேயே கண்டவரிடம். 1945இல், பதினைந்து வயதில், படையில் சேரச் சொல்லி வந்த ஆணையைக் கிழித்துப்போட்டு ஓடியவரிடம். ஆணைக்குப் பணிந்து போன பையன்களில் பலர் திரும்பவில்லை. பிறகு மனிதர் ஊரே வேண்டாமென்று ரோமுக்கு அருகே ஜென்சானோவில் போய்க் குடியேறினார். 'மோமோ' 1973இல் வந்தது.

அதில் ஃபூசி என்றொரு முடிதிருத்துபவர். நேரத்தைச் சேமிக்கச் சொல்லி அதைத் திருடிக்கொள்ளும் சாம்பல் நிற ஆசாமி ஒருவன் கடைக்குள் வந்து, அவர் வாழ்க்கையைக் கண்ணாடியில் நொடிக்கணக்கில் எழுதுகிறான். 42 வயதுக்கு 132,45,12,000 நொடி. தூக்கத்துக்கு இவ்வளவு. காது மந்தமான தாயோடு பேசும் ஒரு மணி நேரம், வீண். கிளிக்குக் கால் மணி நேரம், வீண். சக்கர நாற்காலியில் இருக்கும் தாரியாவுக்கு நாள்தோறும் பூ கொண்டுபோகும் அரை மணி நேரம், அதுவும் வீண். கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் பூஜ்யம். ஃபூசி பயந்துபோய்த் தாயை மலிவான முதியோர் இல்லத்தில் சேர்க்கிறார், கிளியை விற்கிறார். சேமித்த நேரம் மட்டும் கைக்கு வருவதே இல்லை.

இப்போது உங்கள் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். 365ஐ இரண்டால் பெருக்கியிருக்கிறீர்கள்! கதையின் நாயகியான சிறுமி மோமோவுக்கு இருப்பது ஒரே திறமை, பிறர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பது. அந்தக் கதையைப் பற்றி உங்கள் மகள் என்ன சொல்கிறாள் என்று கடிதத்தில் ஒரு வரி உண்டா? மணியைப் பார்த்த நேரத்தில் அவளைக் கேட்டிருக்கலாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அவளுக்காகத்தான் முன்பின் தெரியாதவனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. என் அப்பாவும் மண்ணெண்ணெய்க்குச் சொட்டுக் கணக்குப் பார்த்தவர்தான். நான் வாசித்துக்கொண்டிருந்தால் மட்டும் திரியைக் குறைக்கமாட்டார்.

வரிசை கேட்டிருந்தீர்கள். அதை அவள் பார்த்துக்கொள்வாள். நீங்கள் 'மோமோ'வின் ஆறாம் அத்தியாயத்தை வாசியுங்கள். புத்தகத்தை அவளிடம் கேட்டுத்தான் வாங்கவேண்டியிருக்கும்.