ஜார்ஜ் டவுன் நடையில் 'பழைய கருப்பர் நகரம்' எங்கே?

சென்னை ஜார்ஜ் டவுனில் நீங்கள் நடத்திய வரலாற்று நடையில், 'இதுதான் பழைய கருப்பர் நகரம்' என்று நீங்கள் சொன்னபோது ஒரு பெரியவர் இடைமறித்து மறுத்தார், யார் சொன்னது சரி என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பெரியவர் சொன்னதுதான் சரி. நீங்கள் பவளக்காரத் தெருவில் நின்று காட்டியது பழைய கருப்பர் நகரம் அல்ல. இந்தியர்கள் வாழ்ந்த அந்தப் பழைய ஊர் புனித ஜார்ஜ் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி, இன்றைய உயர் நீதிமன்ற வளாகம் இருக்கும் இடத்தில் இருந்தது.

குழப்பம் பெயரால் வந்திருக்கும். 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் 1749இல் ஆங்கிலேயரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். வீடுகள் அவ்வளவு கிட்டத்தில் இருந்தால் எதிரி மறைந்துகொண்டு சுடலாம் என்பதால், பிறகு ஆங்கிலேயர்கள் அந்த ஊரையே இடித்து வெட்டவெளியாக்கினார்கள். சனம் வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை பக்கம் போனது. பெயரும் கூடவே போய்விட்டது. அங்கிருந்த சென்னகேசவர் கோயிலும் 1757இல் இடிபட்டு, பிறகு தேவராஜ முதலி தெருவில் எழுந்தது. என்னைக் கேட்டால் நடையை அந்தக் கோயிலில் முடியுங்கள். கதை தானாகப் புரியும்.

அடுத்த முறைக்கு முன் ஒன்று செய்து பாருங்கள்: பாரி முனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக நிற்கும் எல்லைத் தூணைத் தேடுங்கள். 1773 என்று பொறித்திருக்கும். அதற்குத் தெற்கே கட்டடம் கூடாது என்பதற்கான அடையாளம் அது. அங்கிருந்து நீதிமன்றக் கோபுரத்தைக் காட்டிப் பேசினாலே போதும்.

ஒரு எச்சரிக்கை. நீதிமன்ற வளாகத்துக்குள் கூட்டமாக நுழைய முடியாது, அனுமதி வேண்டும். அப்புறம், வால்டாக்ஸ் சாலைப் பெயரில் இருக்கும் மதில் பிற்காலத்துப் புது ஊரைச் சுற்றிய மதில். அதை இதோடு சேர்த்துவிடாதீர்கள், அந்தப் பெரியவர் மறுபடியும் வருவார்!