கட்டைவிரல்தான் தூக்குகிறது: இரும்புக்கட்டி பற்றிக் கேள்வி பதில்

ஞாயிறு காலையில் திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் நாங்கள் சிலர் இரும்புக்கட்டி தூக்கிப் பழகுகிறோம். கட்டிக்குக் கைப்பிடி கிடையாது. ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் நான்கு விரல் என்று மேலிருந்து கிள்ளிப் பிடித்து, ஒரே கையால் தூக்கி நிமிர வேண்டும். நான் ஒன்பது வருடமாகச் செய்து வருகிறேன். பார்க்க வந்தவர்களும் பழகுபவர்களும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, ஜிம்மில் 140 கிலோ டெட்லிஃப்ட் எடுக்கிறேன். உங்களுடைய 18 கிலோ கட்டி அசையவே இல்லை. ஏன்? (சீனன்குடா, 24 வயது)

தம்பி, டெட்லிஃப்டில், அதாவது எடை மாட்டிய கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும்போது, விரல்கள் கம்பியைச் சுற்றிக் கொக்கி போல மடங்கிக்கொள்கின்றன. எடை அந்தக் கொக்கியில் தொங்குகிறது. கட்டியில் தொங்குவதற்கு எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் அழுத்தினால் வரும் உராய்வு ஒன்றுதான் அதைத் தாங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தோலுக்கும் இரும்புக்கும் இடையே உராய்வுக் குணகம் (வழுக்காமல் எவ்வளவு பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண்) 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 கிலோ கட்டியில் ஒவ்வொரு பக்கமும் பாதியை, 9 கிலோவை, தாங்குகிறது. அதற்குக் கட்டைவிரல் 18 கிலோ அளவுக்கு அழுத்த வேண்டும். எதிரே நான்கு விரல்களும் சேர்ந்து அதே அளவு. கை வியர்த்து அந்தக் குணகம் 0.25 ஆகிவிட்டால் 36 கிலோ. நான்கு விரல்கள் பகிர்ந்துகொள்வதைக் கட்டைவிரல் தனியாகச் சுமக்கிறது. அது தளரும்போது கட்டி விழுந்துவிடும்.

அந்த அழுத்தத்தைத் தரும் தசைகளில் பெரும்பங்கு முன்கையில் இல்லை, உள்ளங்கைக்குள்ளேயே இருக்கிறது. கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேடு, அப்புறம் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தொட்டால் தெரிகிற சதை. கம்பியைப் பிடிக்கும்போது இவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. கரைவலை இழுக்கும் அண்ணாமார் சிலர் எங்களிடம் வந்து தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஈரக் கயிற்றில் அவர்களுக்கு இருக்கும் பிடி எனக்கு வாழ்நாளில் வராது. ஆனாலும் முதல் நாளில் கட்டி அவர்கள் கையிலிருந்தும் நழுவியது. நான்கு கிழமைக்குப் பிறகு அவர்களில் ஒருவர் எங்களை முந்திவிட்டார், அது வேறு விஷயம்.

கட்டி எங்கே கிடைக்கும்? (மூதூர்)

பழைய இரும்புக் கடையில் தேடுங்கள். உடைந்த டம்பெல்லின் தலை, தராசுக்கடையின் பழைய படிக்கல், எதுவானாலும் சரி. ஆனால் அதில் தொடங்க வேண்டாம். இரும்புக்கட்டியின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட முடியாது என்பதுதான் அதில் உள்ள கஷ்டம்.

பாலை மரத்தில் 7 சென்ரிமீற்றர் தடிப்பான துண்டு ஒன்று எடுத்து, அடியில் கொக்கி அடித்து, சங்கிலியில் ஒரு வாளியைத் தொங்கவிடுங்கள். வாளிக்குள் காய்ந்த மணல். ஒரு தேநீர்க் கோப்பை மணல் ஏறத்தாழ 300 கிராம் வரும். கிழமைக்கு ஒரு கோப்பை கூட்டினால் போதும். மரத்தில் பிடி இரும்பை விட நன்றாக நிற்கும், ஆகையால் மரத்தில் தூக்கும் எடையை இரும்பிலும் தூக்கலாம் என்று நம்பிவிடாதீர்கள். ஜிம்மில் பழகுபவர்கள் 5 கிலோ பிளேட் இரண்டை வழுவழுப்பான பக்கம் வெளியே வரச் சேர்த்துப் பிடிக்கலாம்.

தினமும் செய்யலாமா?

கூடாது. கிழமைக்கு இரண்டு நாள், இடையில் இரண்டு நாளாவது ஓய்வு. ஒவ்வொரு கைக்கும் ஐந்து தடவை, தடவைக்கு 5 முதல் 8 விநாடி, நடுவே இரண்டு நிமிட இடைவெளி. தூக்கக்கூடிய உச்ச எடையை இரண்டு கிழமைக்கு ஒரு முறைதான் சோதிக்க வேண்டும். முடிந்த பிறகு விரல்களைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு, வெளிப்பக்கம் விரித்து 20 தடவை. விரலை மடக்கும் தசைக்கு மட்டும் வேலை கொடுத்து விரிக்கும் தசையை மறந்தால் முழங்கையின் வெளிப்பக்கம் நோகத் தொடங்கலாம்.

மூன்று மாதம் வேகமாக ஏறியது. இப்போது கட்டைவிரல் அடியில் நோ. சட்டைப் பொத்தான் போடவே கஷ்டம். நோவோடு தொடரலாமா? (உவர்மலை)

தொடர வேண்டாம் தம்பி, தயவுசெய்து. இதே தவறை நான் இரண்டாவது வருடத்தில் செய்து, ஐந்து மாதம் கட்டியைத் தொடாமல் இருந்தேன்.

தசை சில கிழமைகளிலேயே பலம் கூட்டிக்கொள்ளும். தசைநாணும் இணைப்பு நாரும் அப்படி இல்லை. அவற்றுக்கு இரத்த ஓட்டம் குறைவு, உறுதியாவதற்கு மாதங்கள் ஆகும். மூன்றாவது நான்காவது மாதத்தில் தசை முன்னால் ஓடிவிடும், மூட்டு பின்தங்கி நிற்கும். அந்த நேரத்தில் ஆசைப்பட்டு எடை கூட்டுபவர்களுக்குத்தான் இந்த நோ வருகிறது.

இரண்டு மூன்று கிழமை முழு ஓய்வு கொடுங்கள். திரும்பி வரும்போது பாதி எடை. மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கமும் நோகிறது, அல்லது ஓய்வெடுத்தும் குறையவில்லை என்றால் டொக்டரிடமோ பிசியோதெரபியிலோ காட்டுங்கள். சதை களைத்து வலிப்பது வேறு, மூட்டுக்குள் குத்துவது வேறு. இரண்டாவதைத் தாங்கிக்கொண்டு தூக்குவது வீரம் இல்லை.

கடற்காற்றில் கை பிசுபிசுக்கிறது. முகப் பவுடர் போட்டால் சரியாகுமா?

பவுடரால் இன்னும் வழுக்கும். மலையேறுபவர்களும் ஜிம்னாஸ்டிக் செய்பவர்களும் பூசுவது மக்னீசியம் காபனேற்று. அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வகுப்பறைச் சோக்கு அந்த வேலையைச் செய்யாது. மாரி காலத்தில் கட்டியையும் துவாயால் துடைத்துவிட்டுப் பிடியுங்கள். உப்புக்காற்றில் துரு பிடிப்பது நிச்சயம். மெல்லிய துரு நல்லது, பிடிக்கு உதவும். பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள்.

எனக்கு 61 வயது, சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது. நானும் செய்யலாமா? (தம்பலகாமம்)

ஐயா, முதலில் டொக்டரிடம் கேளுங்கள். இறுக்கிப் பிடித்து நிற்கும்போது இரத்த அழுத்தம் ஏறும், மூச்சை அடக்கினால் இன்னும் ஏறும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு விரல் மடங்கிச் சிக்கிக்கொள்வதும் விறைப்பதும் மற்றவர்களை விட அதிகம். டொக்டர் சம்மதித்தால் மணல் வாளிக்குள் கையை விட்டு விரல்களை மெதுவாக விரித்து மடக்குங்கள். உங்களுக்கு அது போதும், கட்டி வேண்டாம்.

அமுக்கும் கிரிப்பர் வாங்கினால் கட்டி தூக்க வருமா?

ஓரளவுதான். கிரிப்பர் என்பது உள்ளங்கையில் வைத்து இரண்டு பிடிகளையும் சேர்த்து அமுக்கும் ஸ்பிரிங் கருவி. பிடி உலகில் பேர் பெற்ற கேப்டன்ஸ் ஆஃப் கிரஷ் கிரிப்பரில் 3ஆம் எண்ணின் இறுக்கம் 280 இறாத்தல். 1991இல் அதை அமுக்கி முதலில் சான்று பெற்ற அமெரிக்கர் ரிச்சர்ட் சோரின், ‘பிளாப்’ என்ற கட்டியைத் தூக்கியதற்கும் பேர் போனவர். பிளாப் என்பது 100 இறாத்தல் யோர்க் டம்பெல்லின் ஒரு பக்கத் தலை, கிட்டத்தட்ட 22 கிலோ. இரண்டையும் ஒருவரே செய்தார் என்பதற்காக ஒன்று மற்றதைக் கொண்டுவரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிரிப்பரில் கட்டைவிரலின் அடி சும்மா தாங்கிக்கொண்டிருக்கும், அழுத்துவது மற்ற விரல்கள்தான். காசு கொஞ்சம்தான் என்றால் கொக்கியும் வாளியும் வாங்குங்கள்.

என் கை சின்னது. பெண்களுக்கு இது சரிவருமா அண்ணா? (நிலாவெளி, ஆசிரியை)

கட்டாயம் வரும் தங்கச்சி. உங்கள் கைக்கு ஏற்ற தடிப்பில் தொடங்குங்கள். 7 சென்ரிமீற்றர் அகலமாகத் தெரிந்தால் 5இல் மரத்துண்டு வெட்டுங்கள். எங்களோடு பழகும் அக்கா ஒருவர் 5 சென்ரிமீற்றர் மரத்தில் 14 கிலோ தூக்குகிறார். ஞாயிறு காலை ஆறரைக்கு வாருங்கள், அவரே காட்டித் தருவார்.